வாலி பேசியதில் பாதி

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. ஆடி பிறந்துவிட்டால், வீடியோ ஸ்டூடியோ வைத்திருப்பவன் லென்ஸில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யட்சகானக் கூத்துக் குழுக்களும் அந்த மாதங்களில் சலங்கையைக் கழற்றி வைத்துவிடும். சேற்று வயலில் யார் மேடை போடுவது? அதனால்தான் நீர்மஜல் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தாளமத்தளை வைப்போம். உங்களுக்குத் தெரியும் சார், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். வேஷம் இல்லை, ஆட்டம் இல்லை. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, எதிரெதிரே நாற்காலிகள். பாகவதர் ஒரு பாட்டைப் பாடி நிறுத்துவார். அந்தப் பாட்டில் வரும் பாத்திரமாக நாங்கள் பேசுவோம், வாதாடுவோம். எழுதிவைத்த வசனம் கிடையாது. வாயில் வருவதுதான்.

இந்த வீடியோ நான் எடுத்ததா என்று கேட்கத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆமாம், நான் எடுத்ததுதான். நீங்கள் கேட்டது அவ்வளவே. ஆனால் யாராவது ஒருவருக்காவது முழுக்கத் தெரிந்திருப்பது நல்லது என்று தோன்றுகிறது.

வக்கீல் புத்துபாவாவை இந்தத் தாலுகாவில் தெரியாதவர்கள் இல்லை. பகலில் கோர்ட்டில் வாதாடுவான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மண்டபத்தில் வாலியாகவும் கர்ணனாகவும் வாதாடுவான். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. என் அண்ணன் தம்பிகளோடு எனக்குத் தோட்டத் தகராறு வந்தபோது நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைத்தவன் அவன்தான். என் பெண்ணுக்குப் பேர் வைத்த அன்று அவன் மனைவி மைமூனா தொட்டில் சேலை கொண்டுவந்தாள். எனக்கு அவன்மேல் எந்த வருத்தமும் கிடையாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருஷா வருஷம் 'வாலி மோட்சம்' வைப்போம். அவன் வாலி, நான் ராமன். ராமன் எனக்குக் கிடைத்தது என் நிறத்தாலும் சாதியாலும்தான்; குரலால் அல்ல. அம்பு பட்டு விழுந்த வாலி ராமனைக் கேள்வி கேட்கும் இடத்துக்காகத்தான் சனம் குடையோடு வந்து உட்காரும். அவன் சத்தம் போட மாட்டான். சாட்சியை விசாரிப்பது போல நிதானமாகக் கேட்பான். "உன் மனைவியைக் கொண்டுபோனவன் தெற்கே இருக்கிறான். என்னிடம் உனக்கு என்ன வழக்கு? எதிரே வந்து நிற்க முடியாதவனை உன் ஊரில் அரசன் என்றா சொல்வார்கள்?" அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, சபை எதிர்பார்க்கும் அந்த வரி. "ராமன் என்று ஒரு பெயர். அதைச் சொன்னால் பாவம் போகுமாம். எனக்கோ உயிர்தான் போகிறது."

சபை சிரிக்கும். கை தட்டும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு குரல் இறங்கும். "உயிர் போனால்தான் பாவம் போகும் என்று இப்போதுதானே புரிகிறது, பிரபுவே. அறிவில்லாத குரங்கு, கேள்வி கேட்டுவிட்டேன். உன் பாதத்தை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்து." அப்போது அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வரும். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ராமன் என்ன பேசினாலும் யார் காதிலும் விழாது.

நிகழ்ச்சி முடிந்து கேன்டீனில் பன்ஸும் டீயும் சாப்பிடும்போது அவன் கேட்பான்: "என்ன கேசவா, ஸ்ரீராமச்சந்திரனுக்கு இன்னைக்கு வயித்துவலியா? வாயே தொறக்கல?"

"நீ விட்டாத்தானே பேசறதுக்கு."

"அம்பு விட்டது நீ. பேச விடலன்னு என்னைச் சொல்றியே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

யதிராஜ் கோயில் புனரமைப்புக் கமிட்டிக்குத் தலைவரான பிறகு ஊர் கொஞ்சம் மாறியது. கல் குவாரி நடத்துகிறவன், கெட்டிக்காரன், யாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவான். எந்த அமைப்பைச் சேர்ந்தவன் என்று உங்களுக்கே தெரியும். முதலில் தெருமுனையெல்லாம் கொடி வந்தது. பிறகு தேர்த் திருவிழாவில் வேற்று மதத்தார் கடை போடக் கூடாது என்று கோயில் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வளையல்காரர்களும் கரும்புச்சாறுகாரர்களும் அதைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த ஃப்ளெக்ஸ் என் ஸ்டூடியோவில் செய்தது. வாசகம் என்னுடையது அல்ல. நிறம் மட்டும்தான் நான் பார்த்துப் போட்டது.

பாவா அதன் முன்னால் நின்று படித்துவிட்டு என்னிடம் வந்தான். "நல்லா இருக்குடா. காவி மேல மஞ்சள் எழுத்து எடுப்பாத்தான் இருக்கு. ஆனா எழுத்துப்பிழை ஒண்ணு இருக்கே. கோர்ட்டா இருந்தா இதுக்கே தள்ளுபடி ஆயிருக்கும்."

வந்த வேலையைச் செய்தேன். நான் இல்லையென்றால் பக்கத்து ஊர்க் கடையில் செய்திருப்பார்கள்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் நிற்கவிருந்த யதிராஜ் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கேசவண்ணா, வக்கீல் நல்ல மனுஷர். நானே அவர் வாலியைக் கேட்டு வளர்ந்தவன். ஆனா இப்ப பசங்க கேக்குறாங்க. நம்ம கோயில், நம்ம ராமாயணம், அவரு எதுக்குன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

"பாகவதர் ஒத்துக்க மாட்டாரே," என்றேன்.

உண்மைதான். திம்மண்ண பாகவதர் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "பாவா இல்லாத மண்டபத்துல எனக்கு ஜாலரா எதுக்கு? நீங்களே தட்டிக்கிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர். பழைய ஆட்கள் அவர் பக்கம் இருந்தார்கள்.

"அதான் அண்ணா. காரணம் இல்லாம ஒருத்தரை எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்று சொல்லிவிட்டு யதிராஜ் எழுந்து போய்விட்டான். அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

எல்லா நிகழ்ச்சிகளையும் நான்தான் பதிவு செய்து வைத்திருந்தேன். மழைக்காலம், வேறு வேலை இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு வருஷத்து வாலியையும் போட்டுப் பார்த்தேன். ஒரு வருஷம் நாகபஞ்சமி வெள்ளிக்கிழமையில் வந்திருந்தது; விசேஷ நாள் என்று அன்றைக்கே வைத்திருந்தோம். தொழுகையிலிருந்து நேரே வந்தவன் தொப்பியைக் கழற்ற மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பாதியில் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டே கழற்றுவான். நான் அவன் கழற்றுவதற்கு முந்திய பகுதியை எடுத்துக்கொண்டேன். பாகவதரும் நானும் தெரியாதபடி முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். 'உயிர்தான் போகிறது' என்ற இடத்தில், சபை சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்தினேன்.

அவன் பேசாத ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அவனுடைய நல்லதுக்குத்தான். சின்னதாக ஒரு சலசலப்பு வந்தால் அவனே மேடையை விட்டு விலகிக்கொள்வான், ஒருவருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று நினைத்தேன். யதிராஜுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான்.

"அண்ணா, இது அவர் பேசினதுதானா?"

"அவன் குரல் உனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலமே அது என் கையை விட்டுப் போய்விட்டது. மங்களூரிலிருந்து, ஷிமோகாவிலிருந்து, எனக்குத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அதே படம் எனக்கே திரும்பி வந்தது. யாரோ அதன் கீழே அவன் வீட்டு விலாசத்தைப் போட்டிருந்தார்கள். கோர்ட்டில் அவன் மேஜையைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்.

பாவா என்னைத்தான் கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை.

"கேசவா, எவனோ வெட்டிப் போட்டிருக்கான். முழு வீடியோ உன்கிட்டதானே இருக்கு? அதைப் போட்டு விடு. அடுத்த வரியைக் கேட்டா போதும், அவனவன் வாயை மூடிட்டுப் போயிடுவான்."

"போன வாரம் இடி விழுந்துச்சு இல்லையா பாவா. ஹார்டு டிஸ்க் போச்சு. எல்லாமே போச்சு."

"அடடா. உன் கல்யாண வேலையெல்லாம் அதுலதானே இருந்திருக்கும்? சரி விடு, நீ என்ன பண்ணுவே."

எனக்கு ஆறுதல் சொன்னான். ஹார்டு டிஸ்க் அப்போது என் முன்னால் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முழு வீடியோவை வெளியிட்டால், வெட்டியது யார் என்று கேள்வி வரும். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

பாகவதர் மட்டும் ஊர் முழுக்கப் போய்ச் சொல்லிப் பார்த்தார். டீக்கடையில் நின்று அடுத்த வரியைத் தானே பேசிக்காட்டினார். வயசான மனுஷர், குரல் எழும்பவில்லை. பையன்கள் போனில் படம் பிடித்துச் சிரித்தார்கள். கடைசியில் அவரும் வீட்டோடு இருந்துவிட்டார். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. மலையிலிருந்து தண்ணீர் வரும்போது மம்மட்டியோடு எதிரே நின்று என்ன பிரயோஜனம்?

கோயில் மைதானத்துக்கு வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், முடித்துவிடலாம் என்று யதிராஜ் ஆள் விட்டுச் சொன்னான். பாவா வந்தான். நல்ல மழை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சால்வையும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. மன்னிப்பைப் பதிவு செய்யும்படி யதிராஜ் சொல்லியிருந்ததால் நான் மண்டபப் படியில் கேமராவோடு நின்றேன். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஆலமரத்தடியில் குடை பிடித்து நின்றார்கள். நான் குறை சொல்லவில்லை. அத்தனை கூட்டத்தில் இரண்டு பேர் என்ன செய்ய முடியும்?

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கை கூப்பினான். "அடுத்த வரியைச் சொல்றேன், கேளுங்க" என்றான். பிறகு அந்தக் குரலில், மண்டபத்தில் பேசும் அதே குரலில், "உயிர் போனால்தான் பாவம் போகும் என்று" என ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. முதல் அடி பின்னாலிருந்து விழுந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களிடம் இருக்கிற வீடியோ. அதை நான் வெட்டவில்லை. படம் ஆடாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஸ்டாண்டு போட்டிருந்தேன். கீழே விழுந்த பிறகு அவன் தலையைத் திருப்பி யாரையோ தேடுவது தெரியும். கேமராவைத் தேடவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. மைமூனா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "அண்ணா, நீங்க கூட இருந்தீங்க இல்ல? அவரு தனியா இல்லையே?" என்றாள்.

"இருந்தேம்மா," என்றேன். பொய் இல்லை.

யதிராஜ் தேர்தலில் ஜெயித்துவிட்டான். பாகவதர் ஜாலராவைக் கோயிலிலேயே வைத்துவிட்டுத் தன் மகன் ஊருக்குப் போய்விட்டார். வேறொரு பாகவதர் வருகிறார். இந்த ஆடியில் வாலி நான்தான். யாராவது செய்யத்தானே வேண்டும்? சனம் குறைவுதான், மழை அதிகம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. யதிராஜ் ஆள் விட்டான், பாவா வந்தான் என்று சொன்னேன். நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். யதிராஜின் ஆள் போனபோது பாவா வீட்டில் இல்லை. யதிராஜ் என்னைப் பார்த்து, "வர மாட்டாரு போல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான்தான் போனை எடுத்தேன்.

"எங்கே இருக்கே பாவா?"

"பஸ் ஸ்டாண்டுல. மங்களூர் பஸ் நிக்குது. கொஞ்ச நாள் பொண்ணு வீட்டுல இருக்கலாம்னு மைமூனா இழுத்துட்டு வந்துட்டா."

"ஓடிப்போனா தப்பு பண்ணினவன் மாதிரி ஆயிடும்டா. வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போ. நம்ம சபைதானே?"

பின்னால் கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லிக் கூவுவது கேட்டது. மைமூனா ஏதோ சொன்னாள்.

"நீ அங்க இருப்பியா?" என்று கேட்டான்.

"இருப்பேன். உன் பக்கத்துலயே நிப்பேன்."

"அப்ப சரி. வேட்டி மாத்திட்டு, பையை அவகிட்ட குடுத்துட்டு வர்றேன்."

அப்போது என் ஸ்டூடியோ வாசலில் வெளியூர் ஜீப்புகள் நின்றுகொண்டிருந்தன. போன் செய்வதற்கு முன்பே அவற்றுக்குள் எட்டிப் பார்த்திருந்தேன். சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். மூடியிருந்தாலும் கம்பியின் நீளம் தெரியும்தானே.

நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள், சார். என்னால் தடுத்திருக்க முடியாது. ஆனால் வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அவன் அந்த பஸ்ஸில் ஏறிப் போயிருப்பான்.