ஒரு வாளித் தண்ணீர்

சோடா பாட்டிலுக்கு வெயில் ஆகாது, சார். தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் பெட்டிகளின் மேல் ஈரக் கோணியைப் போர்த்திக்கொண்டு வேனை ஓட்டுகிறோம். கத்தரி வெயிலில் அந்தக் கோணி பல்லாவரம் போவதற்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். வழியில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி ஊற்றியாக வேண்டும். சரக்கு எடுக்கிற கடைக்காரர்கள் அதைக் கொடுப்பது வழக்கம்.

எங்கள் முதலாளி ஜீவரத்தினத்தை நேற்றிலிருந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் காஸை அதிகமாக ஏற்றியதால்தான் பாட்டில் வெடித்து, தையல்நாயகிக்கு இப்படி ஆகிவிட்டது என்கிறீர்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர், வேளைக்குச் சாப்பிட வேண்டியவர். வீணாக ஒரு மனிதர் கஷ்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

என் பெயர் தனசிங். சோடா கம்பெனி வேன் டிரைவர், கல்யாணம் ஆகாதவன். தையல்நாயகி குரோம்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவள். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. கடைக்குப் பின்னால் கிணறு. நான் வண்டியை நிறுத்தும்போதே வாசலில் வாளி தளும்பத் தளும்ப இருக்கும். கேட்கவே வேண்டாம். எனக்காக ஒருவர் ஒன்றை எடுத்து வைத்துக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த வாளியைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அறுபத்தெட்டாம் வருஷம் கோடையில் ஒரு நாள் வாசலில் வாளி இல்லை. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த ஏகாம்பரம் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல், தன்னைக் கட்டிக்கொண்டு கூடவே அழைத்துப் போகப்போகிறான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நல்லது என்றேன். தண்ணீர் கேட்டேன்.

“கெணறு வத்திப்பூட்ச்சு தனசிங்கு. இனிமே வேற எங்கனா பாத்துக்க.”

கிணறு வற்றவில்லை. ராட்டினக் கயிறு ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். ஆனாலும் நான் சண்டை போடவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வராது.

மறுநாளும் சரக்கு கொண்டுபோனேன். வழியில் தண்ணீர் வாங்கவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னது அவள்தானே. அவளுடைய பெட்டியை மட்டும் கோணி போடாமல், வெயில் படுகிற ஓரத்தில் வைத்திருந்தேன். அதை இறக்கி அவள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் குனிந்து பாட்டில்களை எடுத்து அடுக்கும்போது ஒன்று வெடித்தது. வலது கண் அங்கேயே போய்விட்டது. இடது கண்ணிலும் கண்ணாடிச் சில் பட்டுப் பார்வை மறைந்தது. நான்தான் அவளைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நர்ஸம்மா கூட என்னைப் பாராட்டினார்.

ஏகாம்பரம் ஒன்றிரண்டு தடவை வந்து பார்த்தான். பிறகு தனியாக விழுப்புரம் போய்விட்டான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் பொறுமை இருக்காது.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். கடைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டேன். காலையில் கிணற்றில் இறைத்து வைத்துவிட்டு, அவளைக் கைபிடித்துக் கொண்டுபோய்க் கடையில் உட்கார வைத்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். மீன் வாங்கினால் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுப்பேன். தெருவில் ஒரு மாதிரி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் பெயரைச் சொல்லித்தான் ஜெபம். அவளும் கெட்டிக்காரி. பாட்டிலை இடது கன்னத்தில் ஒட்டிவைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால்தான் விற்பாள். சாராயக்கடைகள் திறந்த வருஷம் சோடாவுக்குக் கூட்டம் மொய்த்தபோதும் அவள் கையிலிருந்து ஒரு பாட்டில் நழுவியதில்லை. சார், நான் வாழ்ந்தேன் என்றால் அந்த வருஷங்கள்தான்.

போன மாதம் யூனிஸ் டீச்சர் என்று, கடைக்கு வருகிற ஓர் அம்மாள் அவளைக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடது கண்ணில் இருப்பது புரைதான், அறுத்து எடுத்தால் பார்வை வந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்கு நான் சோறு போட்டு வைத்தால், அவள் சாப்பிடாமல் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு தெரிஞ்சிச்சின்னா உனுக்குத் தொந்தரவே இல்ல. என் தண்ணிய நானே எடுத்துப்பேன்.”

சந்தோஷமாகத்தான் சொன்னாள். வாளி இல்லாத அந்த வாசல் மறுபடியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பாட்டிலை நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தனியாக எடுத்து வைத்துக் கம்பெனியில் திருப்பிவிடுவோம். முந்தாநாள் அப்படி ஒன்று அகப்பட்டது. அதைத் திருப்பவில்லை. குரோம்பேட்டை போகும்வரை வெயிலில் வைத்திருந்து, அவள் கையிலேயே எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போலக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

“இன்னா தனசிங்கு, இப்டிக் கொதிக்குது? கோணிய நனைக்கலியா?”

நனைத்தேன் என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அது மட்டும் மனதை உறுத்துகிறது.

அந்தக் கண்ணில் இனிமேல் அறுத்து எடுக்க ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். யூனிஸ் டீச்சர் கஞ்சி கொடுத்துப் பார்த்தாராம், வாயையே திறக்கவில்லையாம். தனசிங்கு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். முதலாளியை அனுப்பும்போது என்னையும் அனுப்பிவிடுங்கள், சார். பொழுது சாய்கிறது. அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க என்னை விட்டால் யாரும் இல்லை.