இரண்டாவது கோடு

என் தங்கைக்குக் காபியில் சர்க்கரை அரை ஸ்பூன்தான் பிடிக்கும், டாக்டர். கொஞ்சம் கூடினாலும் முகத்தைச் சுளிப்பாள். இப்போது எவ்வளவு போட்டுக் கொடுத்தாலும் குடித்துவிடுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் ஏன் பேச்சை நிறுத்தினாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

இருவரும் ஒரே ஆய்வகம். அவள் ஆராய்ச்சியாளர், நான் கருவியைப் பார்த்துக்கொள்பவன். தங்கம் பூசிய தகட்டைக் கரைசலில் ஊறப்போட்டால் மூலக்கூறுகள் தாமாகவே வரிசைகட்டி நின்றுவிடும். ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஒரு படலம். கண்ணுக்குத் தெரியாத முனையுள்ள ஊசியால் அதைச் சுரண்டி அவள் கோடு போடுவாள். பிறகு வேறோர் ஊசி மேலே தடவிக்கொண்டே போய்ப் படம் எடுக்கும். அந்த ஊசியைச் சோதித்து மாட்டுவது என் வேலை. மற்றவர்கள் தாங்களும் ஒரு தடவை சரிபார்ப்பார்கள். அவள் பார்க்கவே மாட்டாள். "அண்ணன் பாத்துக் குடுத்தா சாமி பாத்துக் குடுத்த மாதிரி" என்பாள்.

அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளும் கிளம்பிவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

முனை இரண்டாகப் பிளந்த ஓர் ஊசியை மாட்டினேன். அது ஒன்றை இரண்டாகக் காட்டும். படம் கெடும், கையிலிருக்கும் ஆய்வு முடியாமல் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவளோ தன் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டைக் கண்டு குதித்தாள். "அண்ணா, இங்க வந்து பாரேன்! படலமே தானா இன்னொரு கோடு போட்டுக்கிச்சு!" என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. அடுத்த தகடுகளுக்கும் அதே ஊசியை மாட்டினேன்.

கண்டுபிடிப்பை அறிவித்தாள். மற்ற ஆய்வகங்களில் ஒற்றைக் கோடுதான் தெரிந்தது. படத்தைத் திருத்தினாயா என்று விசாரணை வைத்தார்கள். எல்லார் முன்னாலும் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீயே சொல்லு. ஊசி நல்லாத்தானே இருந்துச்சு?"

ஊசி பழுது என்றால் அது வெறும் தவறு. ஊசி நல்லது என்றால் அவள் பொய்க்காரி. இது எனக்குத் தெரியும்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

இருந்த வேலையும் போனது, வெளிநாடும் போனது. "எனக்குத்தான் ஏதோ கோளாறு போலண்ணா" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் தலைவாரி விடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

மனசில் ஏதோ முடிச்சு, அது அவிழ்ந்தால் எழுந்துவிடுவாள் என்று நேற்று சொன்னீர்கள். அந்த ஊசி என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துக் காட்டிவிடலாம்தான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், டாக்டர். தெரிந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அப்புறம் பாவம், அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?