பார்க்காத பக்கத்துக் காவல்

— மறுபடியும் கேக்கறேன், லமோன்ட். கல்யாணமே ஆகாத பையன் நீ. விவாகரத்து வக்கீல் விளம்பரத்துல உன் மூஞ்சிக்கு என்ன வேலை?

— மூஞ்சி இல்ல, டிபெட்ஸ் சார். முதுகு. பலகையில என் முதுகுதான் தெரியும்.

— அதென்ன முதுகு?

— ஃபுட்பால்ல நான் ஆடற இடம் அப்படி. பந்து எறியறவன் வலது பக்கம் பாத்துக்கிட்டு நிப்பான். அவன் பாக்காத இடது பக்கத்துலேர்ந்து எவன் பாஞ்சு வந்தாலும் நான் குறுக்க விழணும். அதைத்தான் அந்த வக்கீல் ஹக்கபி அம்மா கொட்டை எழுத்துல போட்டுட்டாங்க: ‘நீங்கள் பார்க்காத பக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’ அவ்வளவுதான் சார்.

— கவித்துவம். கொள்கையளவில் எனக்குக் கவித்துவத்து மேல எப்பவுமே சந்தேகம். அந்த ஹக்கபி நம்ம அணியோட ரசிகையா?

— அந்தம்மாவுக்கு ஃபுட்பால் உருண்டையா நீளமான்னுகூடத் தெரியாது, சார்.

— தெரியாத மாதிரி நடிக்கறா. நான் சொல்றேன் கேளு. உன்னைப் பக்கத்து மாநிலக் கல்லூரி கூப்பிட்டுது. நீ போகாம இருக்க யாரோ பெரிய மனுஷன் உனக்குப் பணம் குடுக்கறான். அதுக்கு விளம்பரம்னு ஒரு முக்காடு. சரியா?

— பக்கத்து மாநிலத்துல என்னை யாரும் கூப்பிடல. எங்க அத்தைதான் கூப்பிட்டா, சோளரொட்டி சாப்பிட.

— சிரிக்காதே. என் பதவி என்னன்னு தெரியுமா?

— கதவுல போட்டிருக்கு. பாதிதான் படிச்சேன், அதுக்குள்ள நீங்க கூப்பிட்டுட்டீங்க.

— நேர்மை, இணக்கம் மற்றும் நன்னடத்தைத் துறையின் இணைத் துணை இயக்குநர்.

— உங்க நாற்காலிக்குப் பின்னால இன்னொரு பலகை இருக்கே சார். ‘இந்த நேர்மை அறை ஸ்டப்ஸ் மெத்தைக் கடை உபயம்.’

— அது நன்கொடை! அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதே.

— போடல சார். கோச் டிராக்டர் விளம்பரத்துல வர்றாரு, டயர் விளம்பரத்துல வர்றாரு, மூலத்துக்குக் களிம்பு விளம்பரத்துலயும் வர்றாரு. அவரை யாரும் கூப்பிட்டு உக்காத்தி வச்சு ‘உனக்கு மூலம் இருக்கா’ன்னு கேட்ட மாதிரி தெரியல.

— கோச் மாணவர் இல்ல.

— அது எங்களுக்கும் தெரியும். எங்க ஃபுட்பால் அறையில சட்டம் சொல்லிக்குடுக்க ஒரு அக்கா வந்தாங்க, சார். மாணவன் விளம்பரம் பண்றதைக் கல்லூரி தடுக்கக் கூடாதுன்னு மாநிலச் சட்டமே இருக்காம். கோர்ட்டும் அதையே சொல்லியிருக்காம்.

— நான் எங்கே தடுத்தேன்? விசாரிக்கறேன். விசாரணை முடியுற வரைக்கும் நீ சனிக்கிழமை மைதானத்துல இறங்கக் கூடாது. அவ்வளவுதான்.

— அதுக்குப் பேரு தடுக்கறதுதானே?

— கொள்கையளவில் தடை வேற, தாமதம் வேற. தடைக்குத்தான் சட்டத்துல எல்லை. கேள்விக்கு எல்லையே கிடையாது.

— சார், சனிக்கிழமை எனக்கு இந்த மைதானத்துல கடைசி ஆட்டம். எங்கம்மா வர்றா. கோழி வெட்டற தொழிற்சாலையில சனிக்கிழமை லீவே தர மாட்டான். நான் இங்க ஆட வந்ததுலேர்ந்து ஒரு ஆட்டம் நேர்ல பாத்ததில்ல. கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு நாள் வாங்கியிருக்கா.

— உணர்ச்சியைக் காட்டி என்னைக் கரைக்கப் பாக்காதே. எல்லாரும் கடைசியில அம்மாவைத்தான் இழுப்பாங்க.

— ஐயா, குறுக்க வரேன், மன்னிக்கணும்.

— என்ன மிஸ் ஓபல்? டைப் அடிச்சாச்சா?

— அடிச்சாச்சு. வெளியில ஒருத்தர் பழுப்புக் கவரோட உக்காந்திருக்கார். எங்கேருந்துன்னு கேட்டா வாயே திறக்கல. உங்க கையிலதான் குடுப்பாராம். லமோன்ட் ராசா, சாப்பிட்டியாடா? முகமே வாடிக் கிடக்கு.

— இன்னும் இல்ல, மிஸ் ஓபல்.

— மிஸ் ஓபல், இது விசாரணை, விருந்து இல்ல. கவர் கல்லூரி விளையாட்டுச் சங்கத் தலைமையகத்துலேர்ந்து வந்திருக்கும். இந்தப் பையன் விஷயமா நான்தான் எழுதினேன். காத்திருக்கச் சொல்லுங்க. ஆளைக் காக்க வச்சாத்தான் நம்ம முக்கியத்துவம் புரியும்.

— சரிங்க ஐயா. வேகவச்ச வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருக்கார். அவருக்கு அவசரமே இல்ல.

— பாத்தியா லமோன்ட்? மேலிடம் வரைக்கும் போயிட்டேன். சந்தேகம் என் ரத்தத்துல ஊறினது. வீட்டுலயும் அப்படித்தான். டெல்ஃபீன் ஒரு தொப்பி வாங்கினாக்கூட அதோட நோக்கம் என்னன்னு எனக்கு எழுதிக் குடுக்கணும்.

— உங்க வீட்டம்மாவா? எழுதியா?

— கையெழுத்தோட. ஒழுங்குன்னா அதுதான். சரி, உன் விஷயத்துக்கு வா. விதி என்ன சொல்லுது? விளம்பரத்துக்கு நிஜமான வியாபார நோக்கம் இருக்கணும். அந்தப் பலகை என் வீட்டுக்கு எதிர்லயே நிக்குது. சமையலறை ஜன்னலைத் திறந்தா உன் முதுகு! ‘இந்தத் தடியன் முதுகைப் பாத்துட்டு எவளாவது வக்கீல்கிட்ட ஓடுவாளா’ன்னு டெல்ஃபீன்கிட்டயே கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல. காப்பி ஆறுற வரைக்கும் பலகையையே பாத்துக்கிட்டிருந்தா. கொள்கையளவில் மௌனம் சம்மதம்.

— இப்ப எப்படி இருக்காங்க, சார்?

— தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. பேச்சை மாத்தாதே! யாருமே போகாத விளம்பரம் பொய் விளம்பரம். அதை மறுக்க உன்னால முடியுமா?

— யாரு போனாங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? வக்கீல் வீட்டு ரகசியம். ஹக்கபி அம்மா பெத்த தாய்கிட்டகூடச் சொல்ல மாட்டாங்க.

— ஆஹா, வசதியான ரகசியம்! சரி, நான் நியாயஸ்தன். ஒரே ஒருத்தர். உன் முதுகைப் பாத்து அந்த வக்கீல்கிட்ட போன ஒரே ஒருத்தரோட கையெழுத்தைக் காட்டு. இந்த நிமிஷமே ‘ஒப்பந்தம் நிஜம்’னு எழுதித் தரேன். சனிக்கிழமை நீ ஆடலாம்.

— வாக்கு மாற மாட்டீங்களே?

— நேர்மைத் துறைடா இது! மிஸ் ஓபலே சாட்சி. மிஸ் ஓபல்!

— வந்துட்டேன் ஐயா. ஆனா அந்த ஆளு… ஏய், நில்லுங்க! கடலை தீந்துதுன்னா உள்ள பூந்துடுறதா?

— ஹார்லன் டிபெட்ஸ் நீங்கதானே?

— யாருய்யா நீ, பக்கவாட்டுல வந்து நிக்கறே? நான் நேர்மை, இணக்கம் மற்றும்…

— பேரு போதும். பிடிங்க. கையில சேத்தாச்சு. வரேன்.

— என்ன மரியாதை இது! சங்கத்து ஆளுங்களுக்கு… இரு, லமோன்ட், உன் கதை முடிஞ்சுது. உனக்கே சத்தமா படிச்சுக் காட்டறேன். ‘மனுதாரர்… டெல்ஃபீன் டிபெட்ஸ். எதிர்மனுதாரர்…’ மிஸ் ஓபல், இது என்ன?

— கண்ணாடி போட்டுப் படிங்க ஐயா. கடைசியில என்ன இருக்கு?

— ‘கையெழுத்து… டெல்ஃபீன் டிபெட்ஸ். மனுதாரருக்காக… வழக்கறிஞர் வெர்னா ஹக்கபி.’

— ஐயா, தண்ணி கொண்டுவரட்டுமா?

— சார், நீங்க உக்காருங்க. சனிக்கிழமை விஷயமா ஒரே ஒரு சந்தேகம், மன்னிச்சுக்கணும்… உங்க வீட்டம்மா கையெழுத்து செல்லுமா?