நாற்பது வரி

மாப்பிள்ளையை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான், சார். தங்கைக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் அவருடைய விண்ணப்பத்தை நானே திருத்தி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மனிதர். எனக்கு மேலதிகாரியான பிறகும், நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் இயந்திரங்களுக்கு எங்கள் நிறுவனம் இயங்குதளம் எழுதுகிறது. ஒவ்வொரு இயந்திரத்தையும் நடத்த டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. நான் டிரைவர் எழுதுகிறேன் என்றதும் எந்த வண்டிக்கு என்று கேட்டாள் அம்மா; சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். இயங்குதளமும் டிரைவரும் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு நான் காவல். பிரஸ்ஸுக்குள் கை இருக்கிறதா என்று டிரைவர் கேட்கும். அங்கே இருக்கும் சென்சாரைப் பார்த்து இயங்குதளம் பதில் சொல்லும். இருந்தால் பூஜ்யம், இல்லாவிட்டால் ஒன்று. ஒன்று என்று பதில் வந்தால்தான் பிரஸ் இறங்கும். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பதிலில் யாரையும் கைவைக்க விட்டதில்லை. பட்டறைகளில் ஓடும் பழைய டிரைவர்களை எழுதியவர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை. இங்கே பதிலை மாற்றினால் அந்த டிரைவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

மாப்பிள்ளை அதைத்தான் தலைகீழாக்க வேண்டும் என்றார். மற்ற சென்சார்கள் எல்லாம் வேறு மாதிரி இருக்கின்றன, புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள் என்றார். கூடாது என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். எனக்குப் பழைய பூட்டு என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் மச்சான். பழைய டிரைவர் கேட்டா பழைய பதிலையே திருப்பிச் சொல்ற மாதிரி எழுதிட்டேன். நாப்பது வரிதான். இனிமே இதுக்காக நீங்க மண்டைய உடைச்சுக்க வேண்டாம்."

படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. என் இருபத்திரண்டு வருடமும் அந்த நாற்பது வரியில் அடங்கி, காகிதத்தில் இடம்கூட மிச்சமிருந்தது.

நாளைக்கு யாராவது இந்த வரிகளை எடுத்துவிட்டால் என்று கேட்டேன். "யார் மச்சான் எடுக்கப்போறா?" என்றார். அந்த அலட்சியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலை எடுத்தேன்.

பதினொரு மணிக்குப் பழைய டிரைவர் ஒன்றை ஓட்டிப் பார்க்கச் சோதனைக் கூடத்தில் நாங்கள் இரண்டே பேர். மென்பொருளைச் சோதிக்கிற இயந்திரம் என்பதால் பட்டறைகளில் இருக்கும் தனிப் பாதுகாப்பு இதில் கிடையாது. நிறுத்துவதற்குச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் மட்டும். நான் அதன் பக்கத்தில் நின்றேன். பிரஸ் அசையவில்லை. அசையாது என்று எனக்குத் தெரியும். உள்ளே கை இல்லை என்பதற்குப் புதிய பதில் பூஜ்யம். பழைய டிரைவருக்கோ பூஜ்யம் என்றால் கை இருக்கிறது. கையை உள்ளே விட்டால்தான் இறங்கும்.

சென்சாரில் தூசியாக இருக்கும் என்று அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

"பொத்தான் பக்கத்துலயே இருங்க மச்சான்."

"இருக்கேன் மாப்பிள்ளை" என்றேன். இருந்தேன்.

முதல் அடியில் முழங்கைக்குக் கீழே எல்லாம் தகடாகிவிட்டது. ஈரத் துணியைத் துவைகல்லில் அறைந்தாற்போல் ஒரு சத்தம், அவ்வளவுதான். பிரஸ் மேலே போனது. கை அங்கேயே ஒட்டிக் கிடந்ததால் மறுபடியும் இறங்கியது. நாலு விநாடிக்கு ஒருமுறை. அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமில்லை. பொத்தானைக் கண்ணால் காட்டினார். பதற்றத்தில் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். மூன்றாவது அடிக்குக் கால் தளர்ந்து முன்னால் சரிந்தார். அதில் தோள் போனது. நான்காவதில் தலை. ஐந்தாவது அடியும் முடிந்த பிறகு பொத்தானை அழுத்தினேன். கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்.

கணினிக்குப் போய் நாற்பது வரியையும் இருந்த இடத்தில் சேர்த்தேன். ஆம்புலன்ஸை அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன். அந்த வரிசையை நீங்கள் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்.

ஆஸ்பத்திரியில் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, நீ அவர் பக்கத்துலதானே இருந்தே?" ஆமாம் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. என் மடியில் முகம் புதைத்து அழுதாள். தூங்கும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அலுவலகத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சார். அந்த வரிகளைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் ஒருவரைப் போடச் சொல்லுங்கள். நானும் இல்லாத இடத்தில் யாருக்காவது அடிபட்டுவிடப் போகிறது.