வரம்பு மீறினால் நிறுத்தும்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, கணினி நிரல் பிரிவின் தலைவி அவர்களே, கையிலிருந்த வேலையை விட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். கணவர் போன துக்கத்தில் இந்த அம்மாளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, கண்டவர்களுக்கெல்லாம் ஃபோன் செய்கிறார் என்று பேசிக்கொள்கிறீர்கள். புத்தி தடுமாறவில்லை. பயந்து போயிருக்கிறேன். ஃபோன் செய்ததும் பிரிவின் தலைவிக்கு மட்டுமே, நான்கு முறை.

என் கணவர், உங்கள் தலைமை நிரலாளர், நீங்கள் முதுகுக்குப் பின்னால் ‘பூதக்கண்ணாடி’ என்று அழைத்தவர், நிரலை எப்படிப் படிப்பார்? அச்சிட்ட தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் வைத்திருக்கும் பெயரைக் காகிதத் துண்டால் மறைப்பார். உள்ளே இருப்பதை வரி வரியாகப் படிப்பார். அது என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் குறிப்பு எழுதிய பிறகே காகிதத்தை எடுப்பார். இருபது ஆண்டு பக்கத்து மேசையில் அதே வேலை செய்தவள் நான். ஒருநாள் பெயரை எட்டிப் பார்த்துவிட்டேன்.

“பேரைப் பாத்துட்டியா? அப்ப நீ படிக்கலம்மா, ஜோசியம் சொல்ற!”

“ஆமா, உங்க ஜாதகத்த மட்டும் பாக்காம விட்டுட்டேன்!”

அறையே சிரித்தது. எத்தனை பிழைகளைப் பிடித்தது அந்தக் காகிதத் துண்டு! எத்தனை உயிர்களைக் காத்தது!

ஆனால் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மருந்தேத்துற மெஷின்ல அளவு பாக்குற பகுதி இருக்குல்ல... அதுக்குப் பேரைப் பாத்தே குறிப்பு எழுதிட்டேன். அன்னிக்கு அவசரம். உள்ள படிக்கவே இல்ல.”

“அப்புறம் வேற யாராவது படிச்சிருப்பாங்க.”

“நான் எழுதினதுக்கு அப்புறம் யாரு படிப்பா?”

‘அளவு வரம்பு மீறினால் நிறுத்தும்’ என்பதே அந்தக் குறிப்பு. வீட்டிலிருந்த பழைய அச்சைப் படித்தேன். எச்சரிக்கை காட்டும் வரி இருக்கிறது. நிறுத்தும் வரி என் கண்ணில் படவில்லை. வேறொரு பகுதியில் இருக்கலாம். அந்தத் தாள்கள் என்னிடம் இல்லை. பதினோரு ஆண்டுகளாக எத்தனை கட்டில்களின் பக்கத்தில் அந்தக் கருவி ஓடுகிறது? நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நிமிடமும் ஓடுகிறதே!

அவர் தவறே செய்யாதவர் என்று எனக்கு முன் பேசிய ஐந்து பேரும் சொன்னீர்கள். அவரைப் புகழுங்கள், தகும். சாகும் தறுவாயிலும் தன் பிழையைத் தேடிய நிரலாளர் அவர். அவர் குறிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவர் விட்ட வேலையை முடிக்காமல் நான் ஓய மாட்டேன்.

தலைவி அவர்களே, அந்தப் பகுதியை இன்றே ஒருவரைக்கொண்டு முழுவதும் படிக்கச் செய்யுங்கள். கருவி நிறுத்துகிறதா, இல்லையா? படித்தவரின் கையெழுத்துடன் நாளைக் காலைக்குள் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.