அரசனைக் கிரீடம் கழற்றச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மேயர் தியோஃபானிஸ் ரூசோஸ் அவர்களே, முன்வரிசையில் கறுப்பு உடுத்தி அமர்ந்திருக்கும் பொலிவியோஸின் துணைவியார் லெமோனியா அம்மையார் அவர்களே, நாடகக் குழுத் தோழர்களே, கலாவ்ரிசி ஊர்ப் பெருமக்களே!

நாற்பதாம் நாள் பூசை முடிந்து, இறந்தவர் நினைவாகத் தரும் வேகவைத்த கோதுமையைக் கையில் வாங்கிக்கொண்டு இந்த மண்டபத்தில் கூடியிருக்கிறோம். நம் மருந்துக்கடைக்காரர், நம் நாடகத்தில் கோரஸ் என்னும் பாடகர் கூட்டத்தின் தலைவர், பொலிவியோஸ் கரவேலாஸ் இன்று நம்மோடு இல்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். "அன்னிக்குத் தயங்கி நின்ன மேயரு எதுக்குய்யா மேடையில உக்காந்திருக்காரு? இறங்கச் சொல்லுங்க!" என்கிறார். எனக்குக் கேட்கிறது, ஸ்த்ராத்திஸ். உங்கள் ஒலிவத் தோப்பு முழுவதும் அன்றைய காட்டுத்தீயில் எரிந்துபோனதை நேரில் பார்த்தவன் நான். உங்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். மேயர் ஃபானிஸ், எழுந்திருக்காதீர்கள். நான் நம் வாரப் பத்திரிகையின் நிருபன். பார்த்ததைச் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகு ஊர் முடிவு செய்யட்டும்.

நம் கிரேக்கத்தின் பண்டைய துன்பியல் நாடகங்களில் வரும் அரசர்கள் கெட்டவர்களா? இல்லை. ஊரைக் காப்பாற்றியவர்கள், சொன்ன சொல்லில் நிற்பவர்கள். எந்த உறுதியால் உயர்ந்தார்களோ அதே உறுதியால்தான் விழுகிறார்கள். கோரஸோ முதலிலிருந்து கடைசிவரை பக்கத்திலேயே நிற்கிறது. பார்க்கிறது, பயப்படுகிறது, பாடுகிறது, கெஞ்சுகிறது. ஆனால் எதையும் செய்வதில்லை! ஓடிப்போய் அரசனின் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அதுதான் கோரஸின் வேலை.

பொலிவியோஸுக்கு அது பொறுக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஒத்திகையின் முதல் நாளில் குழுவிடம் ஒரே கேள்வி கேட்பார். "அரசன் எந்த வரியில திரும்பியிருக்கலாம்? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க." ஆளுக்கு ஒரு வரியைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்வார்: "அந்த வரிக்கு அப்புறம் நடக்கிறதுதான் விதி. அதுக்கு முன்னாடி நடக்கிறது எல்லாம் வெறும் பிடிவாதம்."

காபிக் கடையில் ஃபானிஸ் அவரை விடமாட்டார். மேயரான பிறகும் அரசன் வேடம் ஃபானிஸுக்குத்தான். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"டேய் பொலிவியோஸ், கோரஸ் சொல்றதை அரசன் கேட்டுட்டா நாடகம் எப்படிடா நடக்கும்? பத்து நிமிஷத்துல ஜனங்க வீட்டுக்குப் போயிருவாங்க."

"போகட்டுமே. உயிரோட போவாங்க."

"டிக்கெட் காசை நீ திருப்பிக் குடுப்பியா?"

"மேயர் நீதானே? நீ குடு!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன ஆண்டு ஒத்திகையில் பொலிவியோஸ் பாதியில் நிறுத்தி, "புகை வருது, எல்லாரும் இறங்குங்க" என்று கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். போய்ப் பார்த்தால் அசிமீனா அக்காவின் ரொட்டி அடுப்புப் புகை! அதன் பிறகு ஆஸ்பிரின் வாங்கப் போகிறவர்கள்கூட, "டாக்டரே, இன்னிக்கு எங்க புகை?" என்று கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கல் படிகளில் இடமில்லை. ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. அரசன் போருக்குப் புறப்படுகிறான். போகாதே என்று கோரஸ் பாடுகிறது. பாட்டின் இரண்டாம் அடியிலேயே பொலிவியோஸ் மலை முகட்டைப் பார்த்துவிட்டார். நாம் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலை நம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கோரஸின் முகம் மட்டும்தான் மலையை நோக்கி இருந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்த வசனம் அவருடையது. அதை அவர் பேசவில்லை.

"ஜனங்களே, நெருப்பு வருது. எந்திரிங்க. கீழ் வழியா ஓடைக்கு இறங்குங்க."

நாம் என்ன செய்தோம்? உட்கார்ந்திருந்தோம்! நாடகம் நமக்கு மனப்பாடம் அல்லவா? மூன்றாம் வரிசையிலிருந்து அசிமீனா அக்கா கத்தினார்: "தப்பு, தப்பு! அந்த இடத்துல அந்த வசனம் கிடையாது! யாராவது எடுத்துக் குடுங்கப்பா!" இன்னொருவர், "இந்த வருஷம் புதுசா செஞ்சிருக்காங்கடா" என்று கைதட்டினார். பத்து இருபது பேர் சேர்ந்து தட்டினார்கள். வேறெந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பான். நாம் அவருடைய நடிப்பைப் பாராட்டினோம்.

ஃபானிஸ் அவர் அருகே வந்து, தாழ்ந்த குரலில் சொன்னதை முதல் வரிசையில் இருந்த நான் கேட்டேன்.

"வசனத்துக்கு வா பொலிவியோஸ். ஆளுங்க பாக்குறாங்க. போன வருஷ மாதிரி மானத்தை வாங்காதே."

"ஃபானிஸ், என் மூஞ்சியப் பாருடா. கிரீடத்தைக் கழட்டு. நீ இப்ப ராஜா இல்ல, மேயரு."

ஸ்த்ராத்திஸ், இந்த இடத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஃபானிஸ் தயங்கினார். உண்மை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் தயங்கினார். பிறகு நண்பனின் முகத்தைப் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். அப்போதுதான் கைதட்டல் நின்றது! அந்த இடத்தில் அரசன் கிரீடத்தைக் கழற்றுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஊர் எழுந்தது. மேயர் சொந்தக் குரலில் வரிசை வரிசையாகப் பெயர் சொல்லி இறக்கினார். ஓடைக்குப் போய்ச் சேராதவர் ஒருவர்கூட இல்லை, அப்போது மேலே நெருப்பிலும் புகையிலும் சிக்கியிருந்த இரண்டு பேரைத் தவிர.

மேல்வரிசையில் லாம்ப்ரோஸ் தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அவரை அழைத்துவரத் திரும்பி ஏறியவர் பொலிவியோஸ். தாத்தா இதோ இருக்கிறார், அவர் சொன்னதையே சொல்கிறேன். "ஏண்டா தூங்குறவனை எழுப்புறே? ராஜா செத்துட்டானா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "இன்னும் இல்ல தாத்தா. எந்திரிக்கலைன்னா நாமதான் சாவோம்" என்று சொல்லி, தன் அங்கியைத் தண்ணீரில் நனைத்து இவர்மேல் போர்த்தி, முதுகில் சுமந்து இறங்கினார். நனைந்த துணி ஒன்றுதான் இருந்தது. அது தாத்தாவின் மேல் இருந்தது.

விதி என்கிறார்கள் சிலர். காபிக் கடையிலும் கோயில் வாசலிலும் கேட்கிறேன். அவர் பெயரால் மறுக்கிறேன். ஆஸ்பத்திரியில், பேச முடிந்த கடைசி நாளில், லெமோனியா அம்மையாரின் முன்னால் அவர் என்னிடம் சொன்னார்.

"விதின்னு எவனாவது பேசினா நிறுத்து. ரெண்டாவது அடியிலயே புகையைப் பாத்துட்டேன். பாட்டை முடிச்சுட்டுத்தான் வாயைத் திறந்தேன். போன வருஷம் சிரிச்சீங்களே, அந்தச் சிரிப்பு தொண்டையில நின்னுச்சு. அதுக்குள்ள நெருப்பு மேல் மதிலுக்கு வந்திருச்சு. இதை ஊருக்குச் சொல்லு."

சொல்ல வேண்டுமா என்று நேற்று அம்மையாரிடம் கேட்டேன். "சொல்லுங்க. அவரைச் சிலையாக்கி மூலையில நிறுத்திட்டா, அடுத்த தடவையும் எல்லாரும் சிரிப்பாங்க" என்றார்.

ஆகவே சொல்லிவிட்டேன். குறையில்லாத வீரனை நாம் இழக்கவில்லை. ஒரு பாட்டின் நேரம் பயந்து, அதன் பிறகு பயப்படாத மனிதனை இழந்திருக்கிறோம். எச்சரிக்கும் கோரஸ் எல்லா நாடகத்திலும் உண்டு. கேட்ட அரசன் எதில் உண்டு? நம் ஊரில் அன்று ஒருவன் சொன்னான், ஒருவன் கேட்டான். நாடகம் பாதியில் நின்றது, நாம் உயிரோடு இருக்கிறோம்! அந்த இருவரில் ஒருவரைப் புதைத்துவிட்டோம். மற்றவரை மேடையிலிருந்து இறக்கத்தான் வேண்டுமா?

அடுத்த கோடையில் அதே நாடகம், நின்ற வசனத்திலிருந்து நடக்கும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. அதில் எனக்கு ஒரு வேலை கேட்டிருக்கிறேன். மேடைக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நிற்கும் வேலை. நாடகத்தின் ஒரு காட்சியையும் நான் பார்க்கப் போவதில்லை. சின்னப் புகை தெரிந்தாலும் எந்த வசனத்தின் நடுவிலும் கத்துவேன். அது ரொட்டி அடுப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுந்து நின்று சிரியுங்கள்! பொலிவியோஸ் கரவேலாஸுக்கு என் உறுதிமொழி இதுதான்.

மலை அகலமானது. ஒரு ஜோடிக் கண் போதாது. என்னோடு யார் நிற்கிறீர்கள்?

லெமோனியா அம்மையாரின் கை உயர்ந்திருக்கிறது. நன்றி அம்மா. பின்னால்... ஸ்த்ராத்திஸ், உங்கள் கையும் மேலே இருக்கிறது. என்னை நிறுத்தச் சொல்லியா?

"இல்லைய்யா. ராஜாவா அவரே நடிக்கட்டும். மலையை நான் பாத்துக்கிறேன்."

சரி. வடக்குச் சரிவு உங்களுக்கு.