மத்தியான வெயிலில் ஸ்வெட்டர்

இல்லண்ணே, நீங்க எந்திரிக்க வேணாம், உக்காருங்க. உள்ள அண்ணிகிட்ட ஆள் இருக்கு. எங்க டிரைவர்தான் அவங்க கால்ல கட்டை வச்சுக் கட்டிட்டு இருக்காரு. நாங்க அவரை சைலன்ஸர்னு கூப்பிடுவோம், மனுசன் வாயத் தொறந்தா அதிசயம். அவருக்கும் சேத்து நான்தான் பேசணும். ஆம்புலன்ஸ்ல நோயாளிய விட நான்தான் அதிகமா சத்தம் போடுறேன்னு ஆஸ்பத்திரில புகாரே போயிருக்குன்னா பாத்துக்கங்களேன்.

அந்தச் சத்தமா? கட்டும்போது வலிக்கும்ல, அதான் கத்துறாங்க. கத்தட்டும்ணே. கத்துறவங்களப் பாத்து எனக்குப் பயமே வராது.

இந்த சோபா நீங்க செய்யறதா? ஃபிரேம் மட்டும் அம்போன்னு நிக்குது. மரத்தூளக் கூட கூட்டல. ரெண்டு நாளா முடியலையா? ஏன்? அசதியா. ம். கையில என்ன துணி? ஓ, சிராய் ஏறிடுச்சா. நீங்களே பிடுங்கிட்டீங்க. அது சரி, தச்சருக்குச் சிராய் ஏறுறதெல்லாம் ஒரு விஷயமா! அந்தக் கையக் குடுங்க. இல்ல, சும்மாதான். கையப் பிடிச்சுட்டுப் பேசுறது என் பழக்கம்.

...

ஒண்ணுமில்லண்ணே, ஏதோ நெனப்பு. விரலெல்லாம் ஜில்லுன்னு இருக்கே? வெளிய வெயில் மண்டையப் பொளக்குது, நீங்க ஃபேன நிறுத்திட்டு ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க. குளிருதா? பல்லு தந்தியடிக்குதே.

பொண்ணுக்குத் தகவல் சொல்லியாச்சா? எங்க, துணிக்கடையில வேலையா? கேஷ் கவுன்டர்லயா, பரவால்லையே. சாயங்காலம் வந்துரும், சரி.

அண்ணி எங்க வழுக்கி விழுந்தாங்க, பாத்ரூம்லயா? தரை ஈரமா இருந்துச்சா? தெரியாதா? ஏன், நீங்க அந்தப் பக்கம் போகலையா? கடைசியா எப்பப் போனீங்க? நேத்து சாயங்காலமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ஒண்ணுக்கு வரவே இல்லையா? தண்ணி குடிச்சீங்கதானே? குடிச்சீங்க. ம்.

இத விரல்ல மாட்டிக்கங்க, ஆக்சிஜன் பாக்குற குட்டி க்ளிப்பு, கடிக்காது. நம்பர் வரலையே. அடுத்த விரலக் குடுங்க. இதுலயும் வரல. மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணே, இப்பத்தான் அண்ணிக்கு மாட்டுனேன். ஸ்வெட்டர் கையக் கொஞ்சம் மேல தள்ளுறேன். இந்தச் செவப்புக் கோடு எப்பருந்து இருக்கு? வார்னிஷா? வார்னிஷ் தோலுக்கு உள்ளயா ஓடும்? முழங்கையத் தாண்டிப் போகுதே. இருங்க, மெதுவாச் சொல்லுங்க. நாலு வார்த்த பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது உங்களுக்கு.

ஏண்ணே, எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க. ஸ்கூல் விட்டாச்சா? யாரக் கூப்பிடப் போகணும்?

பாப்பாவையா?

இப்பத்தானேண்ணே பொண்ணு துணிக்கடையில வேலைன்னு சொன்னீங்க.

சைலன்ஸர்! அங்க கட்டுனது போதும், ஸ்ட்ரெச்சர இந்தப் பக்கம் கொண்டாங்க. இல்ல, இவருக்குத்தான். அண்ணிக்கு இன்னொரு வண்டி வரச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுல யாரையாவது துணைக்கு உக்கார வைங்க. அந்தக் கால் கொஞ்சம் காத்திருக்கும்.

ஹலோ, எமர்ஜென்சியா? கால் எலும்பு முறிவுக்குன்னு வந்தோம், ஆனா வீட்டுக்காரர ஏத்திட்டு வரோம். கையில காயம், செப்சிஸ்னு சந்தேகம். நாடி தாறுமாறா ஓடுது, விரல் சில்லிட்டுப் போச்சு, பேச்சு இப்பத்தான் மாற ஆரம்பிச்சிருக்கு. ஆமா, இப்பத்தான், என் கண்ணு முன்னாடி. டாக்டர வாசல்லயே நிக்கச் சொல்லுங்க.

படுங்கண்ணே, மாஸ்க் போடுறேன். எதுக்கா? அந்தச் சிராய் வழியா உள்ள போன கிருமி ரத்தம் முழுக்க ஓடுது. நீங்க கத்தவும் இல்ல, அழவும் இல்ல, ஓரமா உக்காந்து அண்ணிக்காகக் கவலப்பட்டுட்டு இருந்தீங்க. கதவத் தொறந்து விட்டப்பவே உங்க மொகம் எனக்குப் பிடிக்கலண்ணே. வீட்டுல நானும் அதிகம் பேச மாட்டேன். இங்க நான் பேசுனாத்தானே நீங்க பதில் சொல்லுவீங்க. அந்தப் பதில் எப்படி வருதுன்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசுனேன்.

சரிண்ணே, சரி, பதறாதீங்க. ஸ்கூல் வழியாத்தான் போறோம். கேட்டுல நின்னுட்டு இருந்தா பாப்பாவயும் ஏத்திக்கலாம். நமக்கு அடையாளம் தெரியணும்ல, என்ன கலர் பை வச்சிருக்கும்? ரெட்ட சடையா? சொல்லுங்கண்ணே. சொல்லிக்கிட்டே வாங்க, நிறுத்திராதீங்க.